மாலைதீவில் டீச்சர் வேலை: போகுமுன் போடவேண்டிய வீட்டுக் கணக்கு



அண்மையில் ஓர் அம்மா நம்மைத் தேடி வந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை. பைக்குள் மகளின் பட்டச் சான்றிதழ், மாலைதீவுப் பாடசாலை ஒன்றிலிருந்து வந்த கடிதம், பாங்குப் புத்தகம். ஐம்பது வயது தாண்டி, செக்ரோலில் இருந்து பெயரை எடுத்து, சேமலாப நிதிப் பணத்தை இப்போதுதான் வாங்கியிருந்தார். இன்று கைக்காசுக்குத்தான் கொழுந்து எடுக்கிறார்.

"சேர், மகளுக்கு அங்க டீச்சர் வேலை கெடச்சிருக்கு. ரெண்டு லட்சம் இருந்தா போயிரலாம்னு சொல்றாங்க. இந்தக் காச எடுத்துக் குடுக்கட்டுமா, வேணாமா?"

முப்பது வருடம் மலை ஏறி இறங்கிச் சேர்ந்த பணம் அது. உடனே 'கொடுங்கள்' என்று சொல்லவும் நமக்கு வாய் வரவில்லை, 'வேண்டாம்' என்று சொல்லவும் வரவில்லை. அப்பா, அம்மா, மகள் மூவரையும் வரச்சொல்லி இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கைத்தான் இந்த முறை பாடமாகத் தருகிறோம். குடும்பத்தின் பெயர் வேண்டாம். தொகைகளையும் கணக்குப் பழகுவதற்காக முழு எண்களாக மாற்றியிருக்கிறோம். கட்டணங்கள் அடிக்கடி மாறுகின்றன. ஆகவே நீங்கள் போடும்போது அன்றைய கட்டணத்தைக் கேட்டு எழுதுங்கள்.

முதலில் நாட்டைப் பற்றிச் சிறிது. மாலைதீவு நமக்கு அந்நியமான இடம் அல்ல. நம் அடுப்படியில் சம்பலுக்கு இடிக்கிற மாசிக்கருவாடு அங்கிருந்து வந்த பழக்கம்தான். கொழும்பிலிருந்து மாலே நகருக்கு விமானத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலம். 1960களில் அங்கே ஆங்கில மொழியில் படிப்பிக்கத் தொடங்கிய காலத்திலேயே இலங்கை ஆசிரியர்கள் போனார்கள். இன்றும் இலங்கையரும் இந்தியரும் அங்கே நிறையப் பேர் படிப்பிக்கிறார்கள். திவேகி மொழிப் பாடமும் இஸ்லாம் பாடமும் தவிர மற்றப் பாடங்கள் ஆங்கிலத்தில். ஆகவே தமிழ் மொழிமூலம் கணிதம் நன்றாகப் படித்த பிள்ளை என்பது மட்டும் போதாது. வகுப்பில் நின்று ஆங்கிலத்தில் விளக்க வரவேண்டும். நம்மைத் தேடி வந்த பிள்ளை திறந்த பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்து, டவுனில் ஆங்கில டியூஷன் கொடுத்து, மாதம் 20,000 ரூபாய் வீட்டுக்குத் தந்துகொண்டிருந்தாள். இந்த 20,000 ரூபாயை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று பக்கம் ஒதுக்கினோம். மூன்று பை என்று வைத்துக்கொள்வோம்.

முதலாவது பை, விமானம் ஏறும்வரை. எல்லாரும் போடும் கணக்கு இதுதான். ஆனால் இதிலேயே பாதி விட்டுப்போகும். கடவுச்சீட்டு, பொலிஸ் நற்சான்று, பரீட்சைத் திணைக்களத்தில் எடுக்கும் பெறுபேற்றுச் சான்றிதழ், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் மாற்றும் பிறப்புச் சான்றிதழ், வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சி. இவற்றுக்கு 45,000 எழுதினோம்.

இங்கே நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு என்றே ஒரு கஷ்டம் உண்டு. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், பாடசாலைச் சான்றிதழில் இன்னொரு பெயர். அன்றைக்கு யாரோ காதில் விழுந்தபடி எழுதிவிட்டார்கள். 'செல்வராணி' ஒன்றில் 'செல்வராணி', மற்றொன்றில் 'செல்வரானி'. அப்பாவின் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்துக் குறையும். ஆங்கிலத்தில் எழுதும்போது இன்னும் இரண்டு விதமாகும். உள்ளூரில் ஜீ.எஸ். கடிதத்தோடு சமாளித்துவிடலாம். வெளிநாட்டில் முடியாது. திருத்தம் செய்யப் பல மாதம் ஆகலாம். ஆகவே வேலைக்கு விண்ணப்பம் போடுமுன்பே எல்லாச் சான்றிதழ்களையும் ஒரு மேசையில் பரப்பி, பெயர்களை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வெளிநாடு போகாவிட்டாலும் இது ஒருநாள் உதவும்.

அடுத்தது பயணம். கடவுச்சீட்டுக்குக் கண்டி அல்லது பத்தரமுல்லை, மற்ற வேலைகளுக்குக் கொழும்பு. ஐந்து தரம் போக நேர்ந்தது. பிள்ளை தனியாகப் போகமாட்டாள், அப்பா துணைக்குப் போவார். இருவருக்கும் பஸ், சாப்பாடு, கொழும்புக்குள் ஓட்டோ. அதோடு அப்பாவுக்கு அன்று பேர் இல்லை. 2024 இல் நிர்ணயித்த நாட்சம்பளம் 1,350 ரூபாய். அதையும் செலவாகவே எழுதவேண்டும். ஒரு தரத்துக்கு 6,000 என்று வைத்தால் 30,000. இந்த வரியைச் சேர்க்கச் சொன்னபோது அப்பா சிரித்தார். "பேர் போறத எல்லாம் கணக்குல போடுவாங்களா?" போடத்தான் வேண்டும். பத்தாம் திகதி சம்பளத்தில் குறைவது அதுதானே.

வைத்தியப் பரிசோதனைக்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவதற்கும் 35,000. விமானச் சீட்டு 75,000. உடுப்பு, சப்பாத்து, பெட்டி, கையில் கொண்டுபோகும் சாமான் 30,000. கூட்டினால் 215,000. ரெண்டு லட்சம் என்று ஆட்கள் சொன்னது இதைத்தான். பிழையான கணக்கு அல்ல. முடியாத கணக்கு.

பெட்டி கட்டும்போது ஒரு விஷயம். குட்டிச் சாமி சிலை வைத்து அனுப்பாதீர்கள். வழிபாட்டுச் சிலைகள், பன்றியிறைச்சி, மதுபானம் இவற்றை அந்நாட்டுக்குள் கொண்டுபோகச் சட்டம் இடங்கொடுக்காது. சுங்கத்தில் வாங்கிக்கொள்வார்கள். மனதில் கும்பிட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது பைதான் பலருக்கும் தெரியாதது. போய் இறங்கிய நாளில் இருந்து, வீட்டுக்கு முதல் பணம் வந்து சேரும் நாள் வரை. இறங்கியவுடன் சம்பளம் ஓடத் தொடங்கினாலும் காசாகக் கைக்கு வர நாள் எடுக்கும். அங்கேயும் வைத்தியப் பரிசோதனை, வேலை அனுமதி, பாங்குக் கணக்கு என்று ஒன்றன்பின் ஒன்றாக வேலை இருக்கிறது. மாத நடுவில் சேர்ந்தால் முதல் மாதம் பாதிச் சம்பளம். மாலைதீவில் தீவுகள் ஏறக்குறைய 1,200. மக்கள் வசிப்பவை சுமார் 200. பாடசாலை தலைநகரில் என்றால் அறை வாடகை மிக அதிகம். தூரத் தீவு என்றால் அறை கொடுப்பார்கள், ஆனால் போய்ச் சேரப் படகோ உள்நாட்டு விமானமோ பிடிக்கவேண்டும். அந்தக் கூலியை யார் கட்டுவது? கடிதத்தில் எழுதியிருந்தால் பாடசாலை. எழுதாவிட்டால் பிள்ளை.

சாப்பாட்டுச் செலவும் நாம் நினைப்பதுபோல் இல்லை. மீனும் தேங்காயும் அங்கே உண்டு. அரிசி, மா, பருப்பு, வெங்காயம் எல்லாம் கப்பலில் வந்து இறங்குபவை. லயத்துக்குப் பின்னால் போட்ட கீரையும் போஞ்சியும் பறித்துச் சமைத்த பிள்ளைக்கு, தக்காளியை எண்ணி வாங்குவது முதல் மாதம் கஷ்டமாகத்தான் இருக்கும்.

அந்நாட்டுப் பணம் ருஃபியா. நம் ரூபாய் என்று காதில் விழும், ஏமாறாதீர்கள். ஒரு டொலருக்கு 15.42 ருஃபியா என்பது அங்கே உத்தியோகபூர்வ விலை. ஒரு டொலர் நம் பணத்தில் 300 ரூபாய் என்று எடுத்தால் ஒரு ருஃபியா ஏறக்குறைய பத்தொன்பதரை ரூபாய். செலவைக் கணக்குப் பார்க்க 20 என்று வைத்துக்கொள்வோம். செலவுக்கு மட்டும்தான். வரவுக்கு வேறு கணக்கு, பிறகு சொல்கிறோம்.

சாப்பாட்டுக்கும் சில்லறைக்கும் மாதம் 3,000 ருஃபியா, அதாவது 60,000 ரூபாய். இரண்டு மாதத்துக்கு 120,000. தீவுக்குப் போகும் படகுக்கூலி 2,000 ருஃபியா, 40,000 ரூபாய். இது பிள்ளையின் செலவு. வீட்டில் நடப்பது என்ன? ஞாபகத்தில் வைக்கச் சொன்ன 20,000 ரூபாய் இங்கேதான் வருகிறது. அவள் போன மாதமே டியூஷன் காசு நின்றுவிடும். கடைக் கணக்கு நிற்காது. தம்பியின் பாடசாலைச் செலவு நிற்காது. மூன்று மாதத்துக்கு 60,000. எல்லாம் சேர்ந்து இரண்டாவது பை 220,000. முதலாவது பையை விடக் கொஞ்சம் பெரிது!

இதை எழுதியபோதுதான் அந்த அம்மா முதல் தடவையாக வாய் திறந்தார். "அப்ப அவ போய் மூணு மாசம் நாங்க கடன்லதான் சாப்பிடணுமா?" ஆம். பையில் போட்டு வைக்காவிட்டால் அப்படித்தான்.

மூன்றாவது பை திரும்பி வருவதற்கு. படகுக்கும் விமானத்துக்கும் 115,000. தொடக்கூடாத பணம். அம்மாவும் மகளும் சேர்ந்த பெயரில் பாங்கில் கிடக்கட்டும். 'போகும்போதே திரும்பி வருவதைப் பேசுவது அபசகுனம்' என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். நாம் கண்ட ஒன்றைச் சொல்கிறோம். சில வருடத்துக்கு முன் நமக்குத் தெரிந்த ஒரு தம்பி, ஓர் இடைத்தரகர் பேச்சைக் கேட்டுச் சுற்றுலா விசாவில் அங்கே போனான். 'போய் இறங்கினால் நேரே பாடசாலையில் கேட்டுச் சேரலாம்' என்றார்களாம். இறங்கும்போது கிடைப்பது 30 நாள் விசா. அதில் வேலை செய்வது சட்டவிரோதம். எந்தப் பாடசாலையும் எடுக்கவில்லை. திரும்பி வரும் சீட்டைத் தரகர் ஏற்கெனவே மாற்றிக் காசாக்கியிருந்தார். தம்பியின் அக்கா தாலிக்கொடியை அடகு வைத்து அனுப்பிய பணத்தில்தான் வந்து சேர்ந்தான். மூன்றாவது பை இருந்திருந்தால் ஒரு மாதச் செலவோடு போயிருக்கும்.

மூன்று பையும் சேர்த்து 550,000. இரண்டு லட்சம் என்று தொடங்கியது ஐந்தரை லட்சத்தில் நின்றது. நமக்கே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. பிள்ளையின் முகம் வாடிவிட்டது.

அம்மாவின் சேமலாப நிதி முழுவதையும் போட்டாலும் இன்னும் தேவைப்பட்டது. "மீதிய வட்டிக்கு வாங்கலாம், சேர்" என்றார் அப்பா. சரி, அதையும் எழுதிப் பார்ப்போம் என்றோம். டவுனில் நூற்றுக்கு அஞ்சு வட்டி. மூன்று லட்சம் வாங்கினால் மாதம் 15,000 வட்டி. வருடத்துக்கு 180,000. வருடம் முடிந்தாலும் மூன்று லட்சம் அப்படியே நிற்கும். பெண்கள் குழுக் கடன் எடுப்பதும் நடக்கிறது. வாரம் தவறாமல் கட்டவேண்டிய கடனை, மூன்று மாதம் வருமானம் வராத காரியத்துக்கு எடுப்பது ஆபத்து என்பது நம் அபிப்பிராயம்.

இனி வரவைப் பார்ப்போம். கடிதத்தில் சம்பளம் 12,000 ருஃபியா என்று வைத்துக்கொள்ளுங்கள். அறை இலவசம். அங்கே அவள் செலவு 3,500, அவசரத்துக்கு 500 ஒதுக்கினால் மீதி 8,000 ருஃபியா. 15.42 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 519 டொலர். நம் பணத்தில் 155,000க்கு மேல். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் சம்பளம் ருஃபியாவில் வந்தால் அதை டொலராக மாற்றித்தான் அனுப்பவேண்டும். அங்கே டொலருக்குத் தட்டுப்பாடு இருப்பதால் பாங்குகள் உத்தியோகபூர்வ விலையில் கொடுக்கும் டொலருக்கு வரம்பு வைக்கின்றன. வெளியே வாங்கினால் விலை அதிகம், சட்டச் சிக்கலும் உண்டு. ஒரு டொலருக்கு 20 ருஃபியா கொடுக்க நேர்ந்தால் அதே 8,000 ருஃபியா 400 டொலர்தான். 120,000 ரூபாய். மாதம் 35,000 ரூபாய் நடுவழியில் கரைந்துவிடும். கடிதத்தில் சம்பளம் டொலரிலா ருஃபியாவிலா என்று பார்ப்பது ஆகவே முக்கியம். வரவை எப்போதும் குறைந்த விலையில் எழுதுங்கள், செலவைக் கூடிய விலையில் எழுதுங்கள். டொலர் விலை நம் பக்கமும் ஆடும். 2022 இல் 200 ரூபாயில் இருந்து 360க்கு மேல் போனதைப் பார்த்தோம், பிறகு இறங்கியதையும் பார்த்தோம்.

முதல் மூன்று மாதம் போக, வருடத்தில் ஒன்பது தரம் பணம் வரும். ஒன்பது தரம் 120,000 என்றால் 1,080,000. அதில் மூன்று பைக்கும் போன 550,000ஐக் கழியுங்கள். மிச்ச ஒன்பது மாதம் வராத டியூஷன் காசு 180,000ஐயும் கழியுங்கள். கையில் நிற்பது 350,000. வட்டிக்கு வாங்கியிருந்தால் 170,000. அக்கம்பக்கத்தில் 'மகள் வெளிநாட்டில், லட்ச லட்சமாக வருகிறது' என்பார்கள். முதல் வருடத்தின் உண்மைக் கணக்கு இவ்வளவுதான்.

ஆனால் இரண்டாவது வருடத்தைப் பாருங்கள். பைகள் ஏற்கெனவே நிரப்பியவை. பன்னிரண்டு தரம் 120,000, அதில் டியூஷன் காசு 240,000 போனால் பன்னிரண்டு லட்சம் மிஞ்சும். இதைக் கண்டதும் பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப நான் கேக்க வேண்டியது கொன்ட்ராக்ட் எத்தன வருசம்னுதானே?" என்றாள். அதுதான் கேள்வி. ஒரு வருட ஒப்பந்தத்துக்கு அம்மாவின் முழுச் சேமிப்பையும் வைப்பது ஒரு காரியம். இரண்டு வருடம் உறுதி என்றால் அது வேறு காரியம்.

அன்று மாலையே பாடசாலைக்கு ஒரு கடிதம் எழுதினோம். ஆங்கிலம் அவளுடையது, கேள்விகள் நாலு பேருடையவை. ஒப்பந்தம் எத்தனை வருடம்? இடையில் பாடசாலை நிறுத்தினால் எவ்வளவு நாள் முன்னறிவித்தல்? வேலை அனுமதிக் கட்டணம் யாருடையது? விமானச் சீட்டு, படகுக்கூலி இரண்டும் போகவும் வரவும் யார் தருவது? அறைக்கு வாடகை பிடிப்பார்களா? சம்பளம் எந்தப் பணத்தில், எந்தத் திகதியில்? கல்வி விடுமுறை மாதத்துக்கும் சம்பளம் உண்டா? இப்படிக் கேட்டால் வேலை போய்விடுமோ என்று அம்மா பயந்தார். அந்நாட்டின் 2008 ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்கவேண்டும். எழுத்தில் தருவதைக் கேட்பதில் என்ன பிழை?

இன்னும் இரண்டு விஷயம். முகவர் நிலையம் மூலம் போவதானால், அதற்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்பதை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் கேளுங்கள். 1989 என்ற இலக்கத்துக்குப் போன் போட்டால் போதும். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதமும் கொடுக்கவேண்டாம். தனியாகப் போனாலும் பணியகத்தில் பதிந்துவிட்டுத்தான் போகவேண்டும். பதிவோடு காப்புறுதியும் சேர்ந்து வருகிறது. பிரச்சினை வந்தால் மாலேயில் நம் உயர்ஸ்தானிகராலயம் இருக்கிறது, அங்கே பேச அந்தப் பதிவு உதவும்.

மற்றது, அரசாங்கப் பாடசாலையில் ஏற்கெனவே நியமனம் உள்ளவர்களுக்கு. கல்வியியல் கல்லூரியில் படித்துவிட்டுக் கட்டாய சேவைக் காலம் முடியாதவர்கள் எழுத்தில் அனுமதி இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். அரச ஊழியர் சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாட்டில் வேலை செய்ய 2022 இல் ஒரு சுற்றறிக்கை இடங்கொடுத்தது. உங்களுக்கு அது பொருந்துமா என்பதை வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டு, பதிலைக் கடிதமாக வாங்குங்கள். ஓய்வூதியம் உள்ள வேலையை விட்டுவிட்டு ஒரு வருட ஒப்பந்தத்துக்குப் போவது, மேலே போட்ட கணக்கில் எந்தப் பையிலும் அடங்காத நட்டம்.

பாடசாலையில் இருந்து பதில் வர பதினெட்டு நாள் ஆனது. ஒப்பந்தம் இரண்டு வருடம். அறை இலவசம். வேலை அனுமதிக் கட்டணம் பாடசாலையுடையது. போகும் விமானச் சீட்டும் படகும் அவர்கள் செலவு. திரும்பும் சீட்டு இரண்டு வருடம் முடித்தால் மட்டும். சம்பளம் ருஃபியாவில். முதலாவது பையில் 75,000 குறைந்தது, இரண்டாவது பையில் 40,000 குறைந்தது. மொத்தம் 435,000. மூன்றாவது பையை அப்படியே விட்டோம், ஏனென்றால் இரண்டு வருடத்துக்கு முன் வரவேண்டி வந்தால் அது நம் செலவு.

அம்மா பணத்தில் மூன்று லட்சம் எடுக்க ஒத்துக்கொண்டார். மீதியை வீட்டுக் கூரைக்கும் தன் மருந்துக்கும் என்று தனியாகப் போட்டுவிட்டார். அதைத் தொட மகளும் விடவில்லை. குறைந்த 135,000க்கு வட்டிக்குப் போகவில்லை. பிள்ளை ஏற்கெனவே போட்டு வந்த சீட்டுக் கைக்கு வர இன்னும் நாலு மாதம். பாடசாலையிடம் அடுத்த தவணையில் சேரலாமா என்று கேட்டாள், சரி என்றார்கள். அந்த நாலு மாதத்தில் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயரையும் திருத்திக்கொண்டாள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கடிதம் வந்திருந்தால், மூன்று பக்கத்தை எழுதி எடுத்துக்கொண்டு ஞாயிறு காலையில் வாருங்கள். அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கடைக் கணக்குக் கொப்பியையும் மறக்கவேண்டாம்.